தியாகராஜனின் ஏழு மாத விரதம்

கொல்கத்தா பவானிபூரில் தியாகராஜனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தின்பண்டம் விற்கிறவர்கள். பானிபூரியின் வங்காளத் தம்பியான புச்காவை விற்கிறவர் அவருக்கு மட்டும் புளித் தண்ணீரில் இரண்டு பச்சை மிளகாயைக் கூடுதலாகக் கிள்ளிப் போடுவார். மிட்டாய்க் கடையில் அவர் படியேறும்போதே மண்சட்டித் தயிர் ஒன்று மேஜைக்கு வந்துவிடும். மழை பெய்கிற சாயங்காலத்தில் தெருமுனைக் கடையின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கத்தரிக்காய் பஜ்ஜி எந்த நிமிஷம் வெளியே வரும் என்பது, போடுகிறவரைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். மனிதருக்கு வயது ஐம்பத்தெட்டு. நாக்குக்கு இன்னும் பதினெட்டுதான்.

இருபத்திரண்டு வயதில் கும்பகோணத்திலிருந்து ஹௌராவில் வந்து இறங்கியவர். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முப்பத்தாறு வருஷமாக அதே நாற்காலி. கப்பலில் வருகிற பெட்டிகளுக்குச் சுங்கக் காகிதம் எழுதுவது வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். "மறைக்காதீங்கோ சார், மறைச்சா ரெண்டு பங்கு அவஸ்தை" என்று வருகிற வியாபாரியிடமெல்லாம் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் தன் சொந்த வயிற்றுக்குள் இருந்ததை ஏழு மாதம் மறைத்துவிட்டார். அதுவும் எப்படி? பக்தியால் மூடி மறைத்தார். கேட்டால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஆரம்பித்தது ஜூன் மாதம், ஜாமாய் ஷஷ்டி அன்று. மாமியார் மருமகனை உட்கார வைத்து விருந்து போடுகிற வங்காளிப் பண்டிகை அது. கீழ்வீட்டுப் பரேஷ் தா, அதாவது பரேஷ் அண்ணாவின் மாப்பிள்ளை புனேயில் வேலை செய்கிறவர். அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். சமைத்தது சமைத்தபடி கிடக்கிறது. பரேஷ் தா மாடிப்படியில் நின்று, "தியாகு, இன்னிக்கு நீதான் எங்க மாப்பிள்ளை, இறங்கி வா!" என்று கத்தினார். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தெட்டு, மாமனாருக்கு அறுபத்துமூன்று. யார் கணக்குப் பார்த்தார்கள்? மீனை மட்டும் ஒதுக்கிவிட்டு, லூச்சி என்கிற மைதா பூரி, கடலைப்பருப்பு, பலாக்காய்க் கறி, மாங்காய் இனிப்புச் சட்னி, அதற்குமேல் ஆறு லங்டா மாம்பழம் என்று தியாகராஜன் ஒரு பிடி பிடித்தார். பரேஷ் தாவின் மனைவி விசிறியே எடுத்துவந்து வீசினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே, யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி வந்தது. வந்து, முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கியது. பரேஷ் தா விஷயத்தைக் கேட்டு, "காஸ்!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, தன் ரோஸ் நிற மருந்துப் பாட்டிலைக் கொடுத்தார். கொல்கத்தாவில் தலைவலிக்கும் காஸ்தான் காரணம், மூட்டு வலிக்கும் காஸ்தான் காரணம், கால்பந்தில் தோற்றாலும் காஸ்தான் காரணம். தியாகராஜனும் நம்பினார். ஆனால் அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகும் வலித்தது. மூன்றாம் நாளும் வலித்தது. நாலாம் நாள் காலையில் கழிவறையில் ஒரு துளி ரத்தத்தைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தார்.

ஏனென்றால் அவருடைய அண்ணா சுந்தரேசன் திருச்சியில் இப்படித்தான் போனார். வயிற்றுவலி என்று படுத்தார். டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடிவிட்டார்கள். நாற்பதே நாள். கான்சர் என்ற வார்த்தையை அண்ணா வீட்டில் யாருமே சத்தமாகச் சொல்லவில்லை. தியாகராஜன் அந்த நாற்பது நாளில் பத்து நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். டாக்டரிடம் போனால் அந்த வார்த்தை வரும், போகாவிட்டால் வராது. படித்த மனிதர் இப்படியா யோசிப்பார் என்று கேட்காதீர்கள். பயந்தவர் எல்லாரும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

ஆறாம் நாள் ஏகாதசி. அவருடைய மனைவி நாகலக்ஷ்மி ஏகாதசிக்குத் தனக்கென்று அடுப்பு மூட்ட மாட்டாள். அவருக்கு மட்டும் ஏதாவது பண்ணி வைப்பாள். அன்றைக்குச் சாப்பாடு என்ற நினைப்பே தியாகராஜனுக்கு நடுக்கமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் பண்ணாதே நாகு. நானும் இன்னிக்கு உபவாசம்" என்றார்.

நாகலக்ஷ்மி கையிலிருந்த பூக்குடலையைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்லையே! ஏன்னா, நெஜமாவா சொல்றேள்?"

"ஏன், நான் பெருமாளை நினைக்கக் கூடாதா?"

முப்பது வருஷமாக இந்த மனிதரை ஒரு வேளை பட்டினி போட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆனந்தத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தியாகராஜன் மோரை மட்டும் குடித்துவிட்டு ஆபீஸ் போனார். ஆச்சரியம், அன்று முழுக்க வலியே இல்லை! மறுநாள் இட்லி சாப்பிட்டார், லேசாக முணுமுணுத்தது. அதற்கு மறுநாள் வத்தக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டார், உயிர் போயிற்று.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. தின்றால் வலிக்கிறது, தின்னாவிட்டால் இல்லை. பஞ்சாங்கத்தைக் கையால் தொடாதவர் அன்று அதைப் பிரித்து உட்கார்ந்து, துறைமுகத்தில் கப்பல் வரும் தேதி பார்க்கிற கவனத்தோடு விரத நாட்களைத் தேடினார். மாதம் இரண்டு பிரதோஷம், ஷஷ்டி, கார்த்திகை, சங்கடஹர சதுர்த்தி. அதுபோக திங்கட்கிழமை சோமவாரம், வியாழக்கிழமை குரு, சனிக்கிழமை பெருமாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இடைவெளி விழுந்த வாரங்களில் பரேஷ் தாவின் மனைவியிடம் போய், "உங்களுக்கு இந்த வாரம் ஏதாவது விரதம் உண்டா பௌதி?" என்று கேட்டு, அங்கிருந்தும் இரண்டை எடுத்துக்கொண்டார். புதன்கிழமைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு ரசம் சாதம்.

துர்கா பூஜை வந்தது. தெருப் பந்தலில் அஷ்டமிக்குக் கிச்சுடிப் பிரசாதம். நெய் வாசனை மாடி வரைக்கும் வந்து கூப்பிட்டது. வருஷா வருஷம் மூன்று தடவை வரிசையில் நிற்கிறவர், இந்த வருஷம் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் இலையைப் பார்த்தபடி நின்றார். "மோஷாய், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பரிமாறினவர் கேட்டதற்கு மேலே கையைக் காட்டிப் புன்னகை செய்தார். அழாத குறை.

இதெல்லாம் பவானிபூர் பஜனை மண்டலியின் காரியதரிசி வீரராகவன் காதுக்கு எட்டாமல் இருக்குமா? பழைய பாங்க் ஆபீசர். எதையும் நேரில் பரிசோதித்தால்தான் நம்புகிறவர். போன வருஷம் வரை, "ஓய் தியாகராஜன், பஜனைக்கு வரேளா, சுண்டலுக்கு வரேளா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேலி செய்தவர். இரண்டு சனிக்கிழமை வந்து பார்த்தார். மூன்றாவது சனிக்கிழமை, "ஸ்வாமி, தேவரீர் முன் வரிசையில உக்காரணும்" என்றார். தியாகராஜன் பதினாலு கிலோ இளைத்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, முகத்தில் ஒரு களை வேறு தெரிந்தது. ஸால்ட் லேக்கில் வேலை செய்கிற ஓர் இளம் ஜோடி விசாவுக்காக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது. பத்தே நாளில் விசா வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது.

வந்தவர்களைப் பார்க்கப் பார்க்கத் தியாகராஜனுக்கு உடம்பு கூசியது. இவர்களிடம் எதைச் சொல்வது? பெருமாளே, நான் உன்னை நினைத்துப் பட்டினி கிடக்கவில்லை, என் குடலுக்குப் பயந்து கிடக்கிறேன், இதையும் நீ விரதமாக எழுதிக்கொண்டால் அது உன் பெருந்தன்மை என்று தினமும் வேண்டிக்கொண்டார். சொல்லப்போனால், அந்த ஏழு மாதத்தில் அவர் சொன்ன உண்மையான பிரார்த்தனை அது ஒன்றுதான்.

ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஹர்ஷினி. செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை, தமிழைவிட வங்காளம் சரளம். "பாபா, இவ்ளோ வெய்ட் குறையறது நார்மல் இல்லை. ஒரு டெஸ்ட் பண்ணலாம், சோலோ, கிளம்பு" என்று வாரம் தவறாமல் பிடுங்கினாள்.

"விரதம் இருக்கறவாளை டெஸ்ட் பண்ணப் போறேன்னு கூப்பிடாதேடி, அபசாரம்" என்று அம்மா அவள் வாயை அடைத்துவிடுவாள். தியாகராஜனுக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

ஜனவரியில் வைகுண்ட ஏகாதசி. மண்டலியின் ஹாலில் நாள் முழுக்க பஜனை. மறுநாள் துவாதசிப் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கிற சாப்பாடு. வீரராகவன் மைக்கைப் பிடித்து, "நம்ம தியாகராஜ ஸ்வாமி முதல்ல கை நனைச்ச பிறகுதான் மத்தவா சாப்பிடணும்" என்று அறிவித்துவிட்டார். காலை ஏழரை மணி, நூற்றிருபது இலை. அத்தனை பேரும் பட்டினி. அத்தனை கண்ணும் ஒரே இலையின் மேல்.

லேக் மார்க்கெட்டில் சொல்லிவைத்து வாங்கிய அகத்திக்கீரை வந்தது. நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், சேப்பங்கிழங்கு, சக்கரைப் பொங்கல் வந்தது. விரதகாரருக்குப் பரிமாறினால் புண்ணியம் என்று ஆளுக்கு ஒரு கரண்டி போட்டார்கள். போட்டவர்கள் இருபது பேர். தியாகராஜன் இலையைப் பார்த்தார். எழுந்து ஓடலாமா என்று நினைத்தார். பிறகு நெய்யில் ஊறின முந்திரி ஒன்று பொங்கலிலிருந்து அவரைப் பார்த்தது. போனால் போகிறது என்று எடுத்து வாயில் போட்டார்.

அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. ஏழு மாதப் பசி ஒரே மூச்சில் எழுந்து வந்துவிட்டது. கீரை போன இடம் தெரியவில்லை. பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கண்ணில் ஜலம் வழிய வழியச் சாப்பிட்டார். "என்ன பரவசம் பாருங்கோ!" என்று பக்கத்து இலை மாமி மெய்சிலிர்த்தாள். பரவசம்தான், அதில் பொய் இல்லை.

ஒன்பதரை மணிக்கு வலி வந்தது. இந்தத் தடவை அது வந்து விட்டுப் போகிற வலி இல்லை. வயிறு மத்தளமாக உப்பியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது, பிறகு பச்சையாக வந்தது. வீரராகவனே காரை ஓட்டினார். பின் சீட்டில் நாகலக்ஷ்மியும் ஹர்ஷினியும் அவரைத் தாங்கிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

அங்கே இருந்தவர் சர்ஜன் ஸ்மிதா லாஹிரி. முப்பத்தைந்து வயதிருக்கும், குள்ளம், பேச்சு படபடவென்று வரும். வயிற்றை அழுத்திப் பார்த்தார், காதில் குழாயை மாட்டிக் கேட்டார், எக்ஸ்ரேக்கு எழுதினார். "எத்தனை நாளா இப்படி?" என்று வங்காளத்தில் கேட்டார்.

பதிலைச் சொன்னது வீரராகவன். "இன்னிக்குத்தான் டாக்டர். இவர் பெரிய விரதசீலர். ஏழு மாசமா வாரத்துல அஞ்சு நாள் ஆகாரம் கிடையாது. நேத்து முழுப் பட்டினி, இன்னிக்குக் காலைல கொஞ்சம் பலமா சாப்பிட்டுட்டார்."

"ஓஹோ. இளைச்சதும் அதனாலதானா?" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

"ஆமாம் டாக்டர்" என்றாள் நாகலக்ஷ்மி. அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்லை. இந்த ஏழு மாசத்துல ஒரு நாள் கூட எனக்கு வயிறு வலிக்கறதுன்னு என்கிட்ட சொன்னதில்லை."

தியாகராஜன் அவளைப் பார்த்தார். அவர் பொய்யை அவள் இத்தனை நாளும் நெஞ்சில் பதக்கமாக மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊசி போடுவார்கள், கொஞ்சம் தணியும், ஸ்வாமியாகவே வீட்டுக்குப் போகலாம். போய், ஸ்வாமியாகவே செத்தும் போகலாம்.

"பொய்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். "டாக்டர் தீதி, நான் விரதமே இருக்கலை. ஜூன் மாசத்துலேந்து சாப்பிட்டாப் போறும், வலி பிராணனை வாங்கறது. சாப்பிடாம இருந்தா இல்லை. அதுக்காகத்தான் பட்டினி. நாலஞ்சு தடவை ரத்தமும் போச்சு. எங்க அண்ணா கான்சர்ல போனான். எனக்கும் அதுதான்னு தெரியும். பயம். அதான் பெருமாள் பேரைச் சொல்லிண்டேன்."

வீரராகவன் வாய் திறந்தபடியே இருந்தது. ஹர்ஷினி, "ஐ நியூ இட், பாபா, ஐ நியூ இட்!" என்று அழ ஆரம்பித்தாள். அவர் கையைப் பிடித்திருந்த நாகலக்ஷ்மி மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் முன்னே எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு எக்ஸ்ரேயோடு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். மத்தியானம் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில், உள்சுவரில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சாப்பாட்டைத் தள்ளுகிறபோது குடல் அந்தக் கட்டியையும் முன்னே தள்ளுகிறது; கட்டி போகிறபோது ஒட்டியிருக்கிற குடலையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாக மடிந்துகொள்ளுமே, அப்படி. வயிறு காலியாக இருந்தால் மடிந்தது தானாகப் பிரிந்துவிடும். அதனால்தான் பட்டினி கிடந்தால் சுகம். இன்றைக்கு அது பிரியவில்லை, வழி முழுக்க அடைத்துவிட்டது.

"கான்சரா?" என்று கேட்டே விட்டார் தியாகராஜன். ஏழு மாதத்தில் இன்றுதான் அந்த வார்த்தையை வாயால் சொல்கிறார்.

"பெரியவங்களுக்குக் குடல் இப்படி மடிஞ்சா அந்தச் சந்தேகம் எப்பவும் உண்டு. ஆனா படத்துல இது வெறும் கொழுப்பு மாதிரி தெரியுது. கொழுப்புக் கட்டின்னா ஆபத்தே இல்லை. ஆனா லேப்ல வெச்சுப் பார்த்து அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் நம்புவேன், நீங்களும் நம்பணும். இப்போ அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும். இன்னிக்கே."

தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது நாகலக்ஷ்மி கூடவே கதவு வரைக்கும் நடந்து வந்தாள். தியாகராஜன், "நாகு" என்றார். அவள் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "முடிச்சுண்டு வாங்கோ. அப்புறம் பேசிக்கறேன்" என்றாள். மயக்க மருந்து ஏறுகிற வரைக்கும் ஆபரேஷனைவிட அந்த 'அப்புறம்' தான் அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கில் குழாய், வாய்க்கு ஒன்றும் கிடையாது. தைத்த குடல் விழித்துக்கொண்டதா என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அது கீழ்க்காற்று. டாக்டர் ஸ்மிதா வந்தால் வணக்கத்துக்கு முன்னால், "காற்றுப் பிரிஞ்சுதா?" என்றுதான் கேட்பார். நர்ஸ் கேட்டாள். தரை துடைக்கிற மாஷி கேட்டாள். அடுத்த கட்டிலில் இருந்த ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார் இரண்டு மணிக்கு ஒரு தடவை புருவத்தை உயர்த்துவார். சபையில் கொட்டாவி விட்டாலே கோபித்துக்கொள்கிற நாகலக்ஷ்மி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில், பரேஷ் தா எதிரே உட்கார்ந்திருக்க, அது நடந்தது. சின்னச் சத்தம் இல்லை. வார்டே கை தட்டியது. மாஷி துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினாள். பரேஷ் தா எழுந்து நின்று, "நான் ஜூன் மாசமே சொன்னேன், காஸ்னு! யார் கேட்டீங்க?" என்றார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். லேப் ரிப்போர்ட் வர இன்னும் மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று நாளும் வீட்டில் நாகலக்ஷ்மி கஞ்சி கொடுத்தாள், மருந்து கொடுத்தாள், தலையணையை நிமிர்த்தி வைத்தாள். வேண்டியதைப் பேசினாள். அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. வீரராகவன் வந்தார். "ஓய், உம்மைப் பார்த்து மண்டலியில ஒன்பது பேர் சோமவாரம் ஆரம்பிச்சிருக்கா. அவாகிட்ட நான் என்ன சொல்றது?" என்று சண்டைக்கு வந்தவர் போலக் கேட்டார். தியாகராஜன் கையைக் கூப்பினார். வீரராகவன், "பொழைச்சு வந்தீரே, அது போறும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஓய் என்று அவர் பழையபடி கூப்பிட்டது தியாகராஜனுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

ரிப்போர்ட் வாங்கி வர ஹர்ஷினி லீவு போடுகிறேன் என்றாள். நாகலக்ஷ்மி விடவில்லை. "நான்தான் போவேன்" என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். தியாகராஜன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி, பதினொன்று, பதினொன்றரை. அண்ணாவின் மனைவி இப்படித்தான் ஒரு காகிதத்தோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போனாள். நாகுவும் நேரே சமையலறைக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார். அடிவயிற்றில் தையல் துடித்தது.

மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அவள் நடந்து வருவது தெரிந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை, குனிந்தே வந்தாள். படியேறும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். சமையலறைப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். தியாகராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வெறும் கொழுப்பு" என்றாள். "கான்சர் இல்லை. ஒண்ணும் இல்லை. டாக்டரையே கூப்பிட்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். மெட்ரோவுல பக்கத்து சீட்டுப் பொண்ணையும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன்."

தியாகராஜனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ரிப்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார். அதற்குள் நாகலக்ஷ்மி ஆரம்பித்துவிட்டாள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது.

"பெருமாளை ஏமாத்தினேள், அது உங்களுக்கும் அவருக்கும். ஊரை ஏமாத்தினேள், போகட்டும். ஏழு மாசம் என் பக்கத்துல படுத்துண்டு, வலிச்சிண்டு, வாயைத் திறக்கலை பாருங்கோ, அதை நான் எப்படி மறப்பேன்? நான் எதுக்கு இருக்கேன்? பூக்குடலை தூக்கவா?" அவள் அழுதாள். சத்தம் போட்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

"பயந்துட்டேன் நாகு. உன்கிட்ட சொன்னா நெஜமாயிடுமேன்னு பயந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சேர்ந்து பயந்திருப்பேன். தனியா பயப்படறதுக்கு அது தேவலையோல்லியோ?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு நாகலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். மனசுல வெச்சிண்டு முடியலை."

"என்ன?"

"ஏகாதசி நான் ஒழுங்காத்தான் இருந்தேன். ஆனா திங்கள், வியாழன், சனி, அப்புறம் அந்த பௌதியோட விரதம், இத்தனைக்கும் உங்களோட சேர்ந்து பட்டினி கிடக்க என்னால ஆகலை. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் ஜொதுபாபு பஜார் பக்கம் போயிடுவேன். அங்க பெருங்காயக் கச்சோரி போடறான் ஒருத்தன். உருளைக்கிழங்குக் கறியோட நாலு. பசிச்ச நாள்ல ஆறு. அவன் என்னைக் கண்டாலே தொன்னையை எடுப்பான். சாப்பிட்டுட்டு, அகத்துக்காரர் அங்கே தபஸ் பண்றார், நான் இங்கே இப்படித் திங்கறேனேன்னு அழுதுண்டே வருவேன்."

தியாகராஜன் அவளையே பார்த்தார். "ஏழு மாசமாவா?"

"ஏழு மாசமா. அஞ்சு கிலோ ஏறியிருக்கேன், நீங்க கவனிச்சேளா?"

அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மார்பு குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். கீழே பரேஷ் தா, "என்ன ஆச்சு, ரிப்போர்ட் வந்துதா?" என்று கூப்பிட்டதற்குக் கூட இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சிரிப்பு முற்றி வந்தபோது தியாகராஜன் சட்டென்று குனிந்து வயிற்றை அழுத்திப் பிடித்தார்.

"நாகு, வலிக்கறதுடி" என்றார்.

"எங்கே?" என்று கேட்டு அவள் இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.